ரப்பர் வெட்டுக்கு முன் ஒரு மாத்திரை

என் மனைவி பிஜி ஜூலையில் இறந்தாள். எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல். நான்கு நாள் நான் பாரசிட்டமால் கொடுத்துக்கொண்டிருந்தேன், சாதாரணக் காய்ச்சல் என்று. ஐந்தாம் நாள் அவள் கண் மஞ்சளாக இருந்தது. எட்டாம் நாள் சபைக் கல்லறையில் அடக்கம் செய்தோம். அவளுக்கு இருபத்தேழு வயது. எனக்கு முப்பது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார், இரண்டாம் நாளே ஏன் கொண்டுவரவில்லை என்று. குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை. ஃபாரத்தில் எழுதுவதற்காகக் கேட்டார். அந்த இடத்தை அவர் காலியாக விட்டுவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் கேரளத்து ஆரியங்கோட்டில் அவள் அப்பா சத்தியதாஸின் வீட்டில்தான் இருந்தோம். அவள் அம்மா முன்பே போய்விட்டார். அக்கா மினி காரோடு என்ற ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். அப்பாவைத் தனியே விடமாட்டேன் என்று பிஜி சொன்னாள், நான் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து பெட்டியோடு வந்தேன். அவள் போனபின்பும் அங்கேயே இருந்தேன். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடும் வேலை. எட்டரைக்குப் போவேன், ஏழுக்கு வருவேன். மாமா சோறு வைத்திருப்பார். இருவரும் பேசாமல் தின்போம்.

மாமாவுக்கு அறுபத்தொரு வயது. ரப்பர் வெட்டுகிறவர். ஒரு ரிட்டயர்டு வாத்தியாரின் தோட்டத்தில் முந்நூற்றைம்பது மரம்.

அக்டோபரில் பிரேமகுமாரி அக்கா வந்தார். எங்கள் வார்டின் ஆஷா சுகாதாரப் பணியாளர். வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் விரலைக் குத்தினார். மெஷினைப் பார்த்தார். இன்னொரு விரலைக் குத்தினார்.

"சத்தியண்ணா, மூத்திரம் எத்தன தடவ போவீங்க?"

"அத எவன் எண்ணுனான்?"

"முந்நூத்தி நாப்பது காட்டுது."

"அது கொள்ளாமா, நல்லதுதானா?"

"கொள்ளாம், மார்க்கா இருந்தா."

மறுநாள் லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஓ.பி.யில் எண்பதாவது டோக்கன். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். "என்தா ஜோலி?" என்று மலையாளத்தில் கேட்டார். மாமா "கூலி" என்றார். பொய் இல்லை. ரப்பர் வெட்டு என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. டாக்டர் இரண்டு வகை மாத்திரை எழுதினார். பெரியது சாப்பிட்டபின், இரண்டு வேளை. சிறியது காலை ஆகாரத்துக்கு அரை மணி நேரம் முன்னால். அதைப் போட்டால் கட்டாயம் சாப்பிட்டுவிட வேண்டும், மாத்திரையை மறக்கவும் கூடாது என்றார். மறக்கக் கூடாது என்பதை நான் பிடித்துக்கொண்டேன். மற்றது காதில் விழுந்தது, தங்கவில்லை. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். உணவு முறை அச்சடித்த சீட்டு ஒன்று தந்தார்.

வெளியே வந்ததும் மாமா கேட்டார். "இது கூடிப்போனா என்ன செய்யும் மக்கா?"

போனில் பார்த்துச் சொன்னேன். "கண்ணு போகும். கிட்னி போகும். புண்ணு வந்தா ஆறாது, கால வெட்டி எடுப்பாங்க."

"வெட்டு நம்ம ஜோலியில்லா. அவனுவளுக்கு என்ன?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது ஒன்றை முடிவு செய்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்க இந்த வீட்டிலிருந்து இன்னொரு ஆள் போகக் கூடாது. பிஜிக்காக என்று சொல்லமாட்டேன். எனக்காக.

சீட்டில் அரிசி உணவைக் குறைக்கச் சொல்லியிருந்தது. நாங்கள் அரிசியை நிறுத்தியே விட்டோம். அதற்குப் பதில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. எங்கள் பக்கத்தில் சோறுதான் சாப்பாடு. கிழங்கு எவ்வளவு தின்றாலும் சாப்பிட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள். காலையில் கிழங்கும் சம்மந்தித் துவையலும், ராத்திரி கிழங்கும் சாளை மீன்கறியும். சீனியையும் நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் கருப்பட்டி. இரண்டு வாரம் இப்படி. நான் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கியிருந்தேன். குத்திப் பார்த்தேன். முந்நூற்று அறுபத்தைந்து.

எண்ணைக் கேட்டதும் பிரேமக்கா நேராக அடுக்களைக்கு வந்து சட்டியைத் திறந்தார்.

"சோறு எங்க?"

"பதினாலு நாளாத் தொடல்ல," என்றார் மாமா பெருமையாக.

பிரேமக்கா தலையில் கைவைத்து முக்காலியில் உட்கார்ந்தார். "எலே சஜா, நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்தானே? கிழங்குக்குள்ள என்ன, காத்தா இருக்கு? அதும் மாவாக்கும்."

"சீனி நிறுத்தியாச்சு அக்கா. கருப்பட்டிதான்."

"கருப்பட்டி சீனிக்க அக்காளாக்கும். உங்க ரெண்டு பேரையும் ஒரு வீட்டில விட்டது பிஜி செய்த தப்பு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார். மாமா சட்டியை மூடினார்.

அன்றிலிருந்து நான் ஒழுங்காகப் படித்தேன். ராத்திரிகளில் அதுதான் வேலை. கடை கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை தயாரித்து அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். தட்டில் பாதி கீரையும் காயும். கால்பங்கு மீன் அல்லது பயறு. கால்பங்குதான் சோறு. கிழங்கு வாரம் ஒருநாள், இரண்டு துண்டு. ஏத்தன்பழம் கூடாது. கருப்பட்டி கூடாது. விடியலில் அவர் குடிக்கும் கருப்பட்டி போட்ட, பால் விடாத கட்டன் சாயா கூடாது. ராத்திரிச் சாப்பாடு எட்டுக்குள், அரைக் கோப்பைக் கஞ்சியும் பயறும். மாலை முப்பது நிமிடம் நடை.

மலைச் சரிவில் முந்நூற்றைம்பது மரத்தைச் சுற்றி வருகிறவருக்கு நடை எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. எல்லாச் சீட்டிலும் இருந்தது, அதனால் எழுதினேன். மாமா தினமும் ஐந்தரைக்குச் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டில் போய் வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் வெட்டும் சுயம்பு அண்ணன் தன் வீட்டு வாசலில் நின்று கத்துவார்.

"எலே சத்தியா, மரமுள்ள எடத்தில சுத்துனது போதாம மரமில்லாத எடத்திலயும் சுத்துறியா?"

"மருமோன் சொன்னதாக்கும்."

"மருமோன் கெணத்தில சாடச் சொன்னா?"

"எத்தன மணிக்குன்னு எழுதி ஒட்டியிருந்தா சாடுவேன்."

இருவரும் நாற்பது வருடம் அடுத்தடுத்த தோட்டங்களில் வெட்டியவர்கள்.

எண் இறங்கத் தொடங்கியது. இருநூற்று எண்பது. இருநூற்று நாற்பது. அங்கேயே நின்றது. காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது தெரிந்தது. மாமாவின் சட்டைப் பையில் மூன்று சிறிய மாத்திரைகள் கரைந்து ஒட்டியிருந்தன.

ரப்பர் வெட்டு என்பது இப்படி. காலை ஐந்து மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். எட்டுக்குள் எல்லா மரத்திலும் பட்டையைச் சீவி முடிக்க வேண்டும். பிறகு பால் சொட்டி முடியும்வரை காத்திருந்து, ஒன்பதரைக்குச் சிரட்டை சிரட்டையாக வாளியில் சேர்த்து, ஆசிட் கலந்து தட்டில் ஊற்றிவிட்டுக் கை கழுவும்போது பத்தரை. அதுவரை வெட்டுகிறவன் எதையும் தின்னமாட்டான். அந்தக் கையை வாயருகே கொண்டுபோக முடியாது. ஆகாரத்துக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய மாத்திரையை மாமா பையில் போட்டுக்கொண்டு போனார். பால் எடுக்கும் அவசரத்தில் மறந்துவிட்டார்.

மூன்று மாத்திரைதான். ஆனால் நான்கு நாள் என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

"இனி இது எங்கைல இருக்கட்டும்," என்றேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவர் விளக்கோடு கிளம்பும்போது வழியை மறித்து நின்றேன். சபையில் திருவிருந்து அப்பத்துக்கு நீட்டுவதுபோல அவர் இரண்டு கையையும் குவித்து நீட்டினார். மாத்திரையை வைத்தேன். ஒரு தம்ளர் வெந்நீர் கொடுத்தேன்.

"வாயத் தெறங்க மாமா."

திறந்தார். நாக்கைத் தூக்கியும் காட்டினார். "போதுமா சாரே?"

ஆகாரத்துக்கு முன் என்று டாக்டர் சொன்னார். ஐந்து மணியும் ஆகாரத்துக்கு முன்தான். அவர் சொன்ன அரை மணி எங்கள் வீட்டில் ஐந்தரை மணி நேரமானது. எனக்கு அது தோன்றவே இல்லை.

எண் விழுந்தது. நூற்றறுபது. நூற்று இருபத்தெட்டு. நூற்று நான்கு. ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதினேன். பிஜி போனபின் முதன்முறையாக விடியும்வரை தூங்கினேன். ஒரு மாதத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. எண் நன்றாக இருக்கிறது, பிறகு போகலாம் என்று விட்டுவிட்டேன்.

மாமா ரப்பர்பால் சேகரிக்கும் சொசைட்டியில் போய் நோட்டைக் காட்டினார். வெட்டுகிறவர்களில் சுகர் இல்லாதவர்கள் குறைவு. சுயம்பு அண்ணனுக்கு இருநூற்றெண்பது. பரமசிவன், கனகதாஸ், இன்னும் சிலர். எல்லோரும் அதே ஓ.பி.யில் அதே சிறிய மாத்திரை வாங்குகிறவர்கள். பத்தரைக்குச் சாப்பிடும்போது போடுவார்கள், அல்லது மறப்பார்கள்.

சுயம்பு அண்ணன் வீட்டுக்கே வந்தார். "எலே சஜா, அந்தப் பேப்பருக்க ஒரு போட்டோஸ்டாட் எனக்கும் வேணும். உங்க மாமன் நூத்திநாலுன்னு சொல்லி எங்கள மனுஷனா மதிக்க மாட்டேங்கான்."

ஆறு போட்டோஸ்டாட் எடுத்துக் கொடுத்தேன். அட்டவணையைத் திருத்தி, முதல் வரியாக இதைத் தட்டச்சு செய்திருந்தேன்: காலை 5 மணி, வெட்டுக்குப் போகும் முன், சிறிய மாத்திரை, வெறும் வெந்நீர். அதற்குக் கீழே கோடு போட்டிருந்தேன்.

டிசம்பர் பாதியில் மாமா வேர்த்துக்கொண்டு வரத் தொடங்கினார். விடியலில் பனி இறங்கும் காலம். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

"கை கெடந்து நடுங்குது மக்கா. கண்ணுக்கு முன்னால மரம் ரெண்டா நிக்குது."

குத்திப் பார்த்தேன். எண்பத்திரண்டு. அன்று எனக்கு லீவு, அவர் சாப்பிட்டு அரை மணியாகியிருந்தது. சாப்பிடுவதற்கு முன் தோட்டத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"மருந்து வேல செய்யுது மாமா. ஒடம்பு பழகணும்."

கத்தி இரண்டு இடத்தில் ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழுந்தது. தோட்டத்து சார் சத்தம் போட்டாராம். நாற்பது வருடத்தில் முதல்தடவை. மாமா அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அவருடைய கத்திக்கூடையில் செய்தித்தாளில் பொதிந்த ஒரு துண்டு கருப்பட்டி கிடைத்தது. ஓரத்தில் பல் பட்ட அடையாளம்.

"இது என்ன?"

அவர் பிடிபட்டவர்போல நின்றார். "இதில ஒரு நுள்ளு தின்னா நடுக்கம் நிக்குது மக்கா."

"நிக்கும். பொறவு கால வெட்டுவாங்க."

"ஒரு நுள்ளுதான்."

"பிஜியும் போயாச்சு. நீங்களும் போகணும்னா சொல்லிட்டுப் போங்க. நான் எங்க ஊருக்குப் போறேன்."

வீட்டில் அவள் பெயரை நாங்கள் உச்சரிப்பதில்லை. அவர் கருப்பட்டியை வாங்கிக்கொண்டு போய் வாய்க்காலில் எறிந்தார். திரும்பி வந்து, "இனி இல்ல," என்றார்.

சொன்னால் சொன்னபடி நடப்பவர்.

ஜனவரி இரண்டாம் வாரம், வியாழக்கிழமை, எட்டேகாலுக்கு நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சுயம்பு அண்ணன் போன் செய்தார். "ஓடி வா. சத்தியன் ஒரு மாதிரி இருக்கான்."

ஓடினேன். பத்து நிமிடத் தூரம். மாமா ஒரு மரத்தில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து பிழியலாம்போல இருந்தது. கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. "பிஜி, வெளக்க அணை, கண்ணு கூசுது," என்றார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

சுயம்பு அண்ணன் தன் பிளாஸ்கைத் திறந்து மூடியில் சாயா ஊற்றிக் கொண்டுவந்தார். சீனி போட்டது. மாமாவின் வாயருகே பிடித்தார். மாமா ஒரு மடக்கு குடித்தார். இன்னொரு மடக்குக்கு உதட்டை நீட்டினார்.

நான் அதைத் தட்டிவிட்டேன்.

"சுகர்காரனுக்கா இனிப்பு குடுக்கீங்க? கொல்லப் பாக்கீங்களா?"

சுயம்பு அண்ணன் கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். படித்தவன் நான்.

ஆட்டோ சரிவில் இறங்காது. இருவருமாக ரோட்டுக்குத் தூக்கிவந்தோம். ஆஸ்பத்திரிக்கு முப்பத்தைந்து நிமிடம். பாதி வழியில் அவருக்கு வலிப்பு வந்தது. பல்லுக்கிடையில் என் விரலை வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நர்ஸ் குத்திப் பார்த்து எண்ணை உரக்கச் சொன்னார். இருபத்து நான்கு. நான் இருநூற்று நாற்பது என்று நினைத்தேன். டாக்டர் கையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே கேட்டார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டார்?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு."

"என்ன?"

"அரைக் கோப்பை கஞ்சி. பயறு."

"மாத்திரை?"

"இன்னைக்குக் காலைல அஞ்சு மணிக்கு."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

"கூடினதா சார்?" என்றேன்.

மெஷினை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

எண்ணை நூற்றைம்பதுக்குக் கொண்டுவந்தார்கள். மாமா கண் விழிக்கவில்லை. வலிப்பின்போது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியிருந்தது. மூளை நெடுநேரம் பட்டினி கிடந்துவிட்டது என்று ஒரு டாக்டர் விளக்கினார். சனிக்கிழமை மதியம் இறந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அடக்கம்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். சுகர் கூடிப்போச்சு. வேறு விதமாக யாருக்கும் தோன்றவில்லை. சுகர் வியாதி என்றால் கூடித்தானே சாவார்கள். போதகர் ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி, இந்த மருமகன் மகனாயிருந்து பராமரித்தான் என்றார். பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. மினியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இல்லேன்னா அப்பா அக்டோபர்லயே போயிருப்பாரு சஜா."

"அது அப்படி இல்ல மினியக்கா," என்றேன். அவள் இன்னும் பலமாக அழுதாள். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கல்லறை வாசலில் சுயம்பு அண்ணன் என் தோளில் கை போட்டார். பிளாஸ்க் விஷயத்தை அவர் எடுக்கவில்லை.

"எலே, நானும் அப்பப்ப ஏமாத்திட்டுதான் இருந்தேன். காலைல வெட்டுக்கெடையில சீனி போட்டு சாயா குடிப்பேன். அண்ணைக்கு நீ என்னக் கண்டுபிடிச்ச. இனி இல்ல கேட்டியா? நாளைக்கு வெட்டு தொடங்குவோம். உன் பேப்பர்ல போட்டது மாதிரிதான். சத்தியனுக்கு வந்தது எனக்கு வராண்டாம்."

நான் தலையாட்டினேன்.

மாலையில் எல்லோரும் போனபிறகு பிரேமக்கா வந்தார். சேரில் உட்கார்ந்து கேட்டார்.

"எவ்வளவு இருந்துது?"

"இருபத்து நாலு."

அவர் முகம் மாறியது. "குளிக எப்பக் குடுத்த, அந்தச் சின்ன மாத்திர?"

"அஞ்சு மணிக்கு."

"பத்தர வர தின்னாத ஆளுக்கா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வெட்டுற ஆளுன்னு டாக்டர்ட்ட சொன்னியா?"

"இல்ல."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நானும் கேக்கல்ல. எண்ணு கொறஞ்சுதுன்னதும் நானும் சந்தோஷப்பட்டேன்." எழுந்து வாசல்வரை போய் நின்றார். "சஜா. சொசைட்டில உன் பேப்பர ஒட்டி வச்சிருக்காங்க. வேற யாரு யாருட்ட உண்டு?"

"ஆறு பேருட்ட."

"நான் போன்ல விளிச்சுப் பாக்கேன். ஆனா நான் சொன்னா கேக்கமாட்டாங்க. குளிக குடிங்கன்னு வருஷக்கணக்காக் கத்துனவ நானாக்கும். நீதான் போகணும்."

அன்று மாலை நான் போகவில்லை. சட்டை போட்டேன். வாசலில் இறங்கினேன். சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை நினைத்துப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். வெட்டுகிறவர்கள் எட்டு மணிக்கே படுத்துவிடுவார்கள், எழுப்ப வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாரசிட்டமால் கொடுத்த நாட்களிலும் இப்படித்தான் ஏதோ சொல்லிக்கொண்டேன்.

விடியலில் சுயம்பு அண்ணனின் ஸ்கூட்டர் எங்கள் வீட்டைக் கடந்து போனது. மணி ஐந்தேகால். அடக்கத்துக்கு வந்தவர்களுக்காக வாங்கிய ஒரு சீப்பு ரசகதலிப் பழமும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் மிச்சம் இருந்தன. ஒரு பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அவர் பத்துப் பதினைந்து மரம் முடித்திருந்தார். என் போன் வெளிச்சத்தைக் கண்டு திரும்பினார்.

"யாரு? நீயா? இங்க என்ன?"

"குளிக போட்டாச்சா அண்ணா?"

"அஞ்சுக்கே போட்டாச்சு. கெட்டியவ வாயத் தெறந்து பாத்தா, நீ சத்தியனுக்குப் பாத்த மாதிரி."

"ஏதாவது தின்னீங்களா?"

"கர்த்தர் மேல வேணும்னா சத்தியம் பண்ணுறேன், எங்க சாமி மேல வேணும்னாலும் பண்ணுறேன். வெறும் வெந்நீர்." நான் சோதிக்க வந்திருப்பதாக அவர் நினைத்தார்.

பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினேன். "இதத் தின்னுங்க. இப்பமே."

"எலே, உனக்கு மண்டைக்கு வழியில்லாமப் போச்சா? போய்க் கெடந்து ஒறங்கு மக்கா."

"மாமாவுக்கு சுகர் கூடல்ல அண்ணா. கொறஞ்சு போச்சு. இருபத்து நாலு. அந்தக் குளிகையப் போட்டா அர மணிக்கூர்ல தின்னணும். டாக்டர் சொன்னாரு. வெறும் வயித்தில குடுத்து வெட்டுக்கு அனுப்புனது நான்."

அவருடைய கத்தி மரத்தில் நின்றது. சீவிய கோட்டில் பால் இறங்கிச் சிரட்டையில் விழத் தொடங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணைக்கு நான் சாயா கொண்டுவந்தேன்."

"ஆமா."

"ஒரு மடக்கு குடிச்சான். பொறவும் வாய நீட்டினான்."

"ஆமா."

"நீ தட்டிவிட்ட."

"ஆமா."

"குடிச்சிருந்தா?"

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தும் அதை யாரிடமும் நான் கேட்கவில்லை. "தெரியாது. பொழச்சிருக்கலாம்."

அவர் என் அருகே வந்தார். தலைவிளக்கு என் கண்ணில் அடித்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் காறி என் காலருகே துப்பினார். பிறகு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் கை நடுங்குவதை அப்போதுதான் பார்த்தேன். கோபத்தாலா, மாத்திரையாலா என்று தெரியவில்லை.

பழத்தை உரித்து நீட்டினேன்.

"கீழ வை," என்றார்.

வைத்தேன். அவர் கையை லுங்கியில் அழுத்தித் துடைத்தார். எடுத்துத் தின்றார். இன்னொன்றையும் தின்றார். மெல்லும்போது அழுதார், வாயை மூடாமல். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"மினிக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சொல்லு."

"சொல்லுறேன்."

"இண்ணைக்கே சொல்லு. இல்லேன்னா நான் காரோட்டுக்குப் போய்ச் சொல்லுவேன்."

"சொல்லுறேன் அண்ணா."

பிறகு என்னைப் பார்க்காமலே சரிவுக்கு மேலே கை காட்டினார். "பரமசிவன் மேலத் தோட்டத்தில நிக்கான். கனகதாஸ் அதுக்கும் அங்கோட்டு. அவனுவளும் அஞ்சுக்குப் போட்டிருப்பானுவ. போ. இங்க நிக்காத."

மேலே மரங்களுக்கிடையே மூன்று நான்கு விளக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன. எது யார் என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் தெரிந்த விளக்கை நோக்கி ஏறினேன்.